கோட்டைக்கா, ஊருக்கா? தெருவில் இறங்கும் அறிவியல்

2017 ஆகஸ்ட் 9. வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின் 75-வது ஆண்டு நாள். அன்றைக்கு மும்பையில் லட்சக்கணக்கில் கூட்டம். இடஒதுக்கீடு கேட்டு மராத்தா சமூகத்தினர் பைகுல்லாவிலிருந்து ஆசாத் மைதானம்வரை திரண்டதில் தென்மும்பையே திணறிப்போனது. அதே நாளில் அதே நகரத்தில் இன்னொரு சின்ன ஊர்வலமும் கிளம்பியது. பேராசிரியர்கள், ஆராய்ச்சி மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள். அவர்கள் கையிலிருந்த அட்டைகளில் சாதியின் பெயரோ கட்சியின் பெயரோ இல்லை. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குங்கள், பொய்யைப் பாடமாக்காதீர்கள் என்று எழுதியிருந்தது.

கொல்கத்தா, பெங்களூரு, டெல்லி என்று இருபதுக்கும் மேற்பட்ட இந்திய நகரங்களில் அப்போது அப்படி நடந்தார்கள். ‘இந்திய அறிவியல் பேரணி’ என்று பெயர். வெள்ளைக் கோட்டும் சோதனைக்குழாயுமாக நம் மனதில் பதிந்துபோன ஆட்கள் தொண்டை கிழியக் கோஷம் போட்டதைப் பார்த்துச் சிலர் கைதட்டினார்கள். சிலர் முகம் சுளித்தார்கள். ‘ஆராய்ச்சியாளருக்குத் தெருவில் என்ன வேலை?’ என்ற கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது.

அந்தக் கேள்விக்கு நம் மண்ணில் நாற்பது ஆண்டு அனுபவத்தோடு ஒரு பதில் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால், அந்தப் பேரணியின் பொறி எங்கே விழுந்தது என்று பார்த்துவிடலாம்.

வாஷிங்டனில் மழை

டொனால்ட் டிரம்ப் முதல்முறை அதிபரானது 2017 ஜனவரி 20. மறுநாளே பெண்கள் பேரணி அமெரிக்காவை உலுக்கியது. ‘பெண்கள் நடந்தார்கள், விஞ்ஞானிகளும் நடந்தால் என்ன?’ என்று இணைய உரையாடல் ஒன்றில் யாரோ கேட்டது சில நாளில் பெரிய ஏற்பாடாக வளர்ந்தது. பருவநிலை மாற்றத்தை நம்பாத அதிபர். மார்ச் மாதம் வந்த அவருடைய பட்ஜெட் முன்மொழிவில் தேசிய சுகாதார நிறுவனங்களுக்கு மட்டும் 580 கோடி டாலர் வெட்டு. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு 31 சதவீத வெட்டு. காரணத்துக்குப் பஞ்சமில்லை.

ஏப்ரல் 22, உலக பூமி நாள். கொட்டும் மழையில் வாஷிங்டன் நினைவுத் தூணருகே கூடி நாடாளுமன்றக் கட்டடத்தை நோக்கி நடந்தார்கள். உலகம் முழுக்க 600-க்கும் மேற்பட்ட இடங்களில் அன்று அறிவியல் பேரணி. ஃபிளின்ட் நகரக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பதை ஆதாரத்தோடு வெளிக்கொண்டுவந்த குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா கௌரவத் தலைவர்களில் ஒருவர். அரசு அதிகாரிகள் ‘தண்ணீரில் குறையில்லை’ என்று சாதித்துக்கொண்டிருந்தபோது, மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்த ரத்தப் பரிசோதனை முடிவுகளை வைத்தே வாயடைத்தவர் அவர். மேடைக்குப் பொருத்தமான ஆள்.

எதிர்ப்பும் அறிவியல் உலகத்துக்குள்ளிருந்தே வந்தது. ராபர்ட் யங் என்ற நிலவியல் பேராசிரியர், இந்தப் பேரணி தப்பான யோசனை என்று நியூயார்க் டைம்ஸில் எழுதினார். விஞ்ஞானிகள் ஊர்வலம் போனால் அவர்களும் இன்னொரு கட்சிக் கூட்டமாகத் தெரிவார்கள்; அதைவிட ஊர்ப்பக்கம் போய்ச் சந்தேகப்படுகிற மக்களோடு உட்கார்ந்து பேசலாம் என்பது அவர் வாதம். அமெரிக்காவில் அது அப்போது தோற்ற வாதம். நம்மூரில் அது ஏற்கெனவே செய்து பார்த்த காரியம்.

நான்கு கோரிக்கைகள்

இந்தியப் பேரணிக்கு அழைப்பு விடுத்தது பிரேக்த்ரூ சயின்ஸ் சொசைட்டி என்ற அமைப்பு. கோரிக்கைகள் நான்கு. நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 3 சதவீதத்தை அறிவியல் ஆராய்ச்சிக்கும் 10 சதவீதத்தைக் கல்விக்கும் ஒதுக்க வேண்டும். அறிவியலுக்குப் புறம்பான கருத்துகளையும் மத சகிப்பின்மையையும் பரப்புவதை நிறுத்தி, அரசியல் சாசனத்தின் 51ஏ பிரிவு சொல்கிற அறிவியல் மனப்பான்மையை வளர்க்க வேண்டும். ஆதாரமுள்ள கருத்துகளே பாடமாக வேண்டும். ஆதாரத்தை வைத்தே கொள்கை வகுக்க வேண்டும்.

முதல் கோரிக்கை கணக்கு. ஆராய்ச்சிக்கு இந்தியா செலவிடுவது மொத்த உற்பத்தி மதிப்பில் சுமார் 0.64 சதவீதம் (2020-21). சீனா 2 சதவீதத்தைத் தாண்டிப் பல ஆண்டுகளாகின்றன. தென்கொரியாவும் இஸ்ரேலும் 4 சதவீதத்துக்கு மேலே. நம் நாட்டில் தனியார் நிறுவனங்கள் ஆராய்ச்சிக்குப் பையைத் திறப்பது குறைவு. சுமை அரசின் தலையில். அரசோ இந்த விகிதத்தை முக்கால் சதவீதத்துக்குக் கீழேயே வைத்திருக்கிறது.

மற்ற மூன்றும் ரோஷத்தில் பிறந்தவை. 2015 ஜனவரியில் மும்பையில் நடந்த 102-வது இந்திய அறிவியல் மாநாட்டில், பழங்கால விமானங்கள் கோள் விட்டுக் கோள் பறந்தன என்று ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. ஆதாரம், ‘வைமானிக சாஸ்திரம்’. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கணக்கு நாற்பது ஆண்டுக்கு முன்பே தீர்க்கப்பட்ட கணக்கு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் ஐந்து பேர் 1974-ல் அந்த நூலை வரி வரியாகப் படித்தார்கள். படங்களை அளந்தார்கள். எடை, வடிவம், காற்றியக்கம் எல்லாவற்றையும் பொறியியல் கணக்கில் போட்டுப் பார்த்தார்கள். சகுன, சுந்தர, ருக்ம, திரிபுர என்று நூல் வர்ணிக்கும் நான்கில் ஒன்றுகூடத் தரையை விட்டுக் கிளம்பாது என்பது முடிவு. நூலின் வயதும் வேதகாலமில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது சொச்சம் ஆண்டுகளில் ஆனேக்கல் சுப்பராய சாஸ்திரி சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. படங்களை வரைந்தவர் பெங்களூருப் பொறியியல் கல்லூரி ஒன்றின் வரைவாளர்.

கேலி செய்து ஒதுக்கியிருக்கலாம். அதைச் செய்யாமல், சொல்வது உண்மையென்றால் பறக்க வேண்டுமே என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ‘அறிவியல் மனப்பான்மை’ என்று மேடைகளில் முழங்கப்படுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அப்படிப்பட்ட வேலை நடந்த நாட்டில், அதே விமானம் அறிவியல் மாநாட்டு மேடையிலேயே மறுபடி ஏறியதைத்தான் தாங்க முடியவில்லை. சிதம்பரத்தில் பிறந்து நோபல் பரிசு பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், மைசூரு மாநாடு நடந்த 2016 ஜனவரியில், இந்த மாநாட்டை சர்க்கஸ் என்று சொல்லி, இனி வரப்போவதில்லை என்றார். 2019-ல் ஜலந்தர் மாநாட்டில் ஒரு துணைவேந்தரே கௌரவர்களைச் சோதனைக்குழாய்க் குழந்தைகள் ஆக்கினார்.

2017 பேரணிக்கு இன்னொரு சோகமும் சேர்ந்திருந்தது. ஜூலை 24-ல் யஷ்பால் மறைந்தார். ‘டர்னிங் பாயின்ட்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் யார் என்ன கேட்டாலும் சலிக்காமல் விளக்கிய இயற்பியலாளர். ஆகஸ்ட் 1-ல் பி.எம்.பார்கவா மறைந்தார். ஹைதராபாதில் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தை நிறுவியவர். சகிப்பின்மையைக் கண்டித்து 2015-ல் பத்ம பூஷணைத் திருப்பிக் கொடுத்தவர். அறிவியலுக்காக வாய் திறந்து பேசிய இரண்டு மூத்தவர்கள் எட்டு நாள் இடைவெளியில் போய்ச் சேர்ந்த பிறகு நடந்த பேரணி அது.

வர முடியாதவர்கள்

கூட்டம் ஏன் சிறிதாக இருந்தது? ஆர்வமின்மை மட்டும் காரணமில்லை. இந்திய விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் அரசுச் சம்பளக்காரர்கள். தன்னாட்சி நிறுவனங்கள் பலவற்றிலும் மத்திய குடிமைப் பணி நடத்தை விதிகள், 1964 அப்படியே பொருந்தும். அரசின் கொள்கையைப் பகிரங்கமாக விமர்சிக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஆய்வகத்துக்கு நிதி தருவதும் அரசு; பதவி உயர்வுக் குழுவில் உட்காருவதும் அரசின் ஆட்கள். மனசு பேரணியில் இருந்தாலும் கால் ஆய்வகத்திலேயே நிற்கும்.

ஆனால் சட்டம் அவ்வளவு இறுக்கமானதும் இல்லை. எந்த வகை ஆர்ப்பாட்டத்திலும் அரசு ஊழியர் கலந்துகொள்ளக் கூடாது என்று பீகார் அரசு போட்ட விதியை, காமேஷ்வர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962-லேயே ரத்து செய்தது. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமையல்ல. அமைதியான ஆர்ப்பாட்டம் பேச்சுரிமையிலும் கூடும் உரிமையிலும் அடங்கும் என்பது தீர்ப்பின் சாரம். இதைப் படித்த விஞ்ஞானிகள் எத்தனை பேர் என்பதைவிட, படித்தும் துணிந்தவர்கள் எத்தனை பேர் என்பதே கேள்வி.

துணிச்சலுக்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. மகாராஷ்டிரத்தில் ஊர் ஊராகப் போய்ப் போலிச் சாமியார்களின் வித்தைகளைச் செய்து காட்டி உடைத்த டாக்டர் நரேந்திர தாபோல்கர், 2013 ஆகஸ்ட் 20 காலை புனேயில் நடைப்பயிற்சியின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். பில்லி, சூனியம், நரபலிக்கு எதிரான சட்டம் வேண்டும் என்று அவர் ஆண்டுக்கணக்கில் போராடினார். அவர் இறந்த சில நாளில் அவசரச் சட்டம் வந்தது. அந்த ஆகஸ்ட் 20-ஐத்தான் அகில இந்திய மக்கள் அறிவியல் கூட்டமைப்பு 2018 முதல் தேசிய அறிவியல் மனப்பான்மை நாளாகக் கடைப்பிடிக்கிறது.

ஊரைப் பார்த்துக் கிளம்பியவர்கள்

அரசைப் பார்த்து நடப்பது ஒரு வகை. ஊரைப் பார்த்து நடப்பது இன்னொரு வகை. தென்னிந்தியாவில் இரண்டாவதுதான் முதலில் வந்தது.

கேரள சாஸ்த்ர சாகித்ய பரிஷத் 1962-ல் தொடங்கியபோது நோக்கம் எளிமையானது: மலையாளத்தில் அறிவியல் எழுதுவது. எழுபதுகளின் கடைசியில் சைலன்ட் வேலியில் குந்திப்புழா ஆற்றுக்குக் குறுக்கே நீர்மின் அணை கட்டுவதா என்ற சர்ச்சை வந்தது. பரிஷத் அறிக்கை தயாரித்தது. அணையால் எவ்வளவு மின்சாரம் வரும், அதை வேறெப்படித் தயாரிக்கலாம், காடு போனால் என்ன போகும் என்று கணக்கோடு ஊர் ஊராகப் போனார்கள். காட்டைப் பார்த்தே இராத மக்கள் காட்டுக்காகப் பேசத் தொடங்கினார்கள். திட்டம் கைவிடப்பட்டது, 1984-ல் அது தேசியப் பூங்கா ஆனது.

தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-ல் உருவானது. அதே ஆண்டு அக்டோபரில் நம் குன்னூரில் விஞ்ஞானிகளும் சிந்தனையாளர்களும் கூடி விவாதித்ததில் பிறந்ததுதான், 1981-ல் வெளியான ‘அறிவியல் மனப்பான்மை பற்றிய அறிக்கை’. பி.என்.ஹக்சர், ராஜா ராமண்ணா, பார்கவா போன்றோர் அதன் பின்னணியில் இருந்தார்கள். நல்ல அறிக்கை. ஆனால் அறிக்கையைச் சந்தைக்கடைக்குக் கொண்டுபோக யார் இருக்கிறார்கள்?

1984 டிசம்பர் 2-ம் தேதி இரவு போபாலில் விஷவாயு கசிந்தது. அறிவியல் ஆய்வகத்து விஷயம் மட்டுமல்ல, தெருவில் தூங்குகிறவன் உயிர் விஷயம் என்று நாட்டுக்கு உறைத்தது. மூன்று ஆண்டு கழித்து, 1987 அக்டோபர் 2-ல், நாட்டின் ஐந்து முனைகளிலிருந்து ஐந்து பயணக் குழுக்கள் கிளம்பின. பாரத ஜன விஞ்ஞான ஜாத்தா. வழியெங்கும் பாட்டு, வீதி நாடகம், சுவரொட்டிக் கண்காட்சி. குடிநீர், மருந்து விலை, அணு ஆயுதம், மூடநம்பிக்கை என எல்லாம் பேசினார்கள். சர் சி.வி.ராமன் பிறந்த நாளான நவம்பர் 7-ல் ஐந்து குழுவும் வந்து சேர்ந்த இடம், போபால்.

அறிவியல் ஊர்வலம் என்று கணக்கெடுத்தால் உலகமே வியக்க வேண்டிய ஊர்வலம் இது. இதைப் பற்றி வாஷிங்டனில் நடந்தவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இங்கே நடந்தவர்களுக்குத் தெரியும். ஏனென்றால் அந்த ஜாத்தாவில் பாடிய வாலிபர்கள்தான் பின்னாளில் அறிவொளி இயக்கத்துக்கு முதுகெலும்பானார்கள். எர்ணாகுளத்தில் தொடங்கிய எழுத்தறிவு அலை 1991-ல் புதுக்கோட்டைக்கு வந்தபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் சாரி சாரியாகச் சைக்கிள் ஓட்டிப்போன ஊர்வலங்களைப் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். ‘அறிவியல் வாழ்க’ என்ற கோஷம் அந்த ஊர்வலத்தில் இல்லாமல் இருந்திருக்கலாம். அறிவியல் அங்கே இருந்தது.

உலக்கை நிற்கும், எந்த நாளும்

2019 டிசம்பர் 26 காலை. வளையச் சூரிய கிரகணம். உதகை, கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், சிவகங்கை என்று தமிழ்நாட்டின் குறுக்கே ஓடியது அதன் தடம். ஒன்பதரை மணி வாக்கில் மூன்று நிமிடம் சூரியன் மோதிரமானது.

வழக்கம்போல வீடுகளில் கதவு சாத்தியிருந்தது. தர்ப்பைப் புல் தண்ணீர்ப் பானைக்குள். கர்ப்பிணிகள் உள்ளறையில். சில ஊர்களில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதில் உலக்கையை நிமிர்த்தி வைத்தார்கள். உலக்கை நின்றது. கிரகணம் பிடித்திருப்பதற்கு அதுவே சாட்சி என்றார்கள் பெரியவர்கள்.

அதே நேரம் பள்ளி மைதானங்களில் வேறு காட்சி. அறிவியல் இயக்கத்தார் சூரியக் கண்ணாடிகளோடு நின்றார்கள். கண்ணாடி கிடைக்காத இடத்தில் பந்து உத்தி: ரப்பர் பந்து ஒன்றின்மேல் சின்ன முகம்பார்க்கும் கண்ணாடித் துண்டை ஒட்டி, பந்தை ஒரு வளையத்தில் உட்காரவைத்து வெயிலில் திருப்பினால், எதிரே நிழலிலிருக்கும் சுவரில் சூரியனின் பிம்பம் விழும். ஓரம் கடிபட்ட சூரியனை வகுப்பே சேர்ந்து பார்க்கலாம், கண்ணுக்கு ஆபத்தில்லாமல். அதுவும் இல்லையென்றால் வேப்பமரத்தடிக்குப் போனால் போதும். இலை இடுக்கில் நுழையும் ஒவ்வொரு ஒளிப்பொட்டும் தரையில் ஒரு பிறையாகக் கிடக்கும். ஊசித்துளைக் கேமராவைப் பற்றிப் பாடப்புத்தகம் சொல்வதை மரம் இலவசமாகச் செய்து காட்டும்.

பிறகு சாப்பாடு. கிரகணம் விடும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்று வளர்ந்த ஊரில், பத்துப் பேர் கூடிநின்று இட்லி சாப்பிடுவது சாதாரண ஆர்ப்பாட்டமில்லை. பெரியார் இயக்கத்தார் நெடுங்காலமாகச் செய்துவருவது இது. யாரையும் திட்ட வேண்டாம், மைக் வேண்டாம். சாப்பிட்டவர் மறுநாள் கடைத்தெருவில் நடமாடினால் போதும்.

உலக்கைக்கும் பதில் அதே வழியில்தான். கிரகணமில்லாத நாளில் அதே உலக்கையை, அதே தாம்பாளத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். அடிப்பகுதி தட்டையாக இருந்து, கை நடுங்காமல் வைத்தால், செவ்வாய்க்கிழமையும் நிற்கும், சனிக்கிழமையும் நிற்கும். ‘பொய்’ என்று சொல்வதைவிட ‘நாளைக்கும் வைத்துப் பாருங்க பாட்டி’ என்று சொல்வது பலமடங்கு வலிமையானது. ஏனென்றால் தீர்ப்பு சொல்லும் வேலையைப் பாட்டியிடமே விட்டுவிடுகிறோம்.

1995 செப்டம்பர் 21-ல் பிள்ளையார் சிலைகள் பால் குடிப்பதாகச் செய்தி பரவிய நாளில் டெல்லி விஞ்ஞானிகள் செய்ததும் இதுதான். பாலில் சாயம் கலந்து ஊட்டினார்கள். கரண்டியிலிருந்து பால் பரப்பிழுவிசையால் சிலைமேல் பரவி, மெல்லிய படலமாக வழிந்து கீழே போவதைச் சாயம் காட்டிக்கொடுத்தது. போத்தனூர் பி.பிரேமானந்த் வாழ்நாளெல்லாம் செய்ததும் இதுதான். வெறுங்கையில் விபூதி வரவழைப்பார். கற்பூரத்தை நாக்கில் எரியவிடுவார். பிறகு எப்படி என்று சொல்லிக்கொடுத்துவிடுவார். இலங்கையில் ஆபிரகாம் கோவூர், அற்புதம் செய்து நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று சவால் விட்டார். பரிசை வாங்க ஆள் வரவில்லை.

பொட்டிப்புரம் சொன்ன பாடம்

எல்லாம் இப்படி நேர்கோட்டில் போனால் நன்றாக இருக்கும். போவதில்லை. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் அறிவியலை எதிர்த்தே ஊர்வலம் நடந்தது.

போடி மேற்கு மலையைக் குடைந்து இரண்டு கிலோமீட்டர் சுரங்கம். அதன் முடிவில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை தலைக்கு மேல் இருக்கும் குகையில் 50,000 டன் இரும்பாலான உணர்கருவி. நியூட்ரினோ ஆய்வகம். நியூட்ரினோக்கள் நம் உடம்பை நொடிக்குப் பல லட்சம் கோடி என்ற கணக்கில் துளைத்துப் போய்க்கொண்டிருக்கின்றன, ஒன்றும் ஆவதில்லை. அவற்றைக் கண்டுபிடிக்கத்தான் அவ்வளவு பெரிய கருவி. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய் ஒப்புதல் கொடுத்தது.

மக்களுக்குப் பயம் வந்தது. சில பயங்கள் ஆதாரமற்றவை. கதிர்வீச்சு பரவும் என்பது அப்படி. சில கேள்விகள் நியாயமானவை. வெடிவைத்தால் தூசியும் அதிர்வும் எவ்வளவு? தோண்டும் பாறையை எங்கே கொட்டுவீர்கள்? மேய்ச்சல் நிலத்துக்கும் ஊற்றுக்கும் என்ன ஆகும்? கேரள எல்லையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் திட்டத்துக்கு உரிய மதிப்பீட்டு முறை பின்பற்றப்படவில்லை என்ற அடிப்படையில், 2017 மார்ச்சில் தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018-ல் மத்திய அரசு மறுபடி அனுமதி கொடுத்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்தது. கருவி எழும்பவில்லை.

இந்த விவகாரத்தில் அறிவியல் பக்கம் நிற்பது யார்? நியூட்ரினோவை விளக்கிய இயற்பியலாளரா, மதிப்பீட்டு அறிக்கையை வரி வரியாகப் படித்து ஓட்டையைக் காட்டிய சூழலியலாளரா? இருவரும்தான். ஆதாரம் கேட்பதே அறிவியல் என்றால், அறிக்கையைக் காட்டு என்று கேட்கும் கிராமத்துக்காரரும் அந்தப் பேரணியில்தான் நடக்கிறார். அவரை ‘விவரம் தெரியாதவர்’ என்று ஒதுக்கிய ஒவ்வொரு பேச்சும் ஆய்வகத்துக்கு எதிராகவே போய் முடிந்தது. திட்டம் தீர்மானமான பிறகு ஊருக்குள் வந்து விளக்குவதற்கும், இடம் தேடும்போதே வந்து உட்கார்ந்து பேசுவதற்கும் உள்ள வித்தியாசத்தின் விலைதான் பொட்டிப்புரம்.

அதனால்தான் மக்கள் அறிவியல் இயக்கங்கள் ஹிரோஷிமா நாளான ஆகஸ்ட் 6-ல் குழந்தைகளோடு ஊர்வலம் போகின்றன. அறிவியலுக்கு ஆதரவு என்பது அறிவியல் பெற்ற எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்குவதில்லை. இந்தியப் பேரணி நடந்த ஆகஸ்ட் 9-ம் நாகசாகி எரிந்த நாள்தான்.

நடந்தால் கிடைக்குமா?

சிலது கிடைத்திருக்கிறது. ஆராய்ச்சி மாணவர்களின் உதவித்தொகை 2014-க்குப் பிறகு உயராமலே இருந்தது. 2018 முழுக்க வளாகம் வளாகமாகக் கூட்டம், மனு, மௌன ஊர்வலம். 2019 ஜனவரி நடுவில் டெல்லியில் திரண்டார்கள். மாதம் முடியுமுன், ஜனவரி 30-ல், இளநிலை ஆய்வாளருக்கு 25,000 ரூபாயிலிருந்து 31,000 என்று அறிவிப்பு வந்தது. கேட்டதைவிடக் குறைவு, ஆனால் கேட்காமல் வந்ததில்லை. 2023-ல் அது 37,000 ஆனது.

அமெரிக்காவில் டிரம்ப் வெட்டச் சொன்ன சுகாதார ஆராய்ச்சி நிதியை நாடாளுமன்றம் 2017-ல் 200 கோடி டாலர் கூட்டியது. அடுத்த ஆண்டு மேலும் 300 கோடி. பேரணியால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. நோயாளிகளின் சங்கங்களுக்கும் இரு கட்சி எம்.பி.க்களுக்கும் அதில் பங்குண்டு. ஆனாலும், தொகுதியில் ஆள் இருக்கிறது என்று எம்.பி.க்குக் காட்டிய வேலையைப் பேரணி செய்தது. டிரம்ப் மறுபடி வந்து வெட்டத் தொடங்கியதும், 2025 மார்ச் 7-ல் லிங்கன் நினைவிடத்தின் படிகளில் மறுபடி கூடினார்கள்.

சிலது கிடைக்கவில்லை. 3 சதவீதம் இன்றும் கனவு. 2018 ஜனவரியில் ஒரு மத்திய இணையமைச்சர் டார்வின் சொன்னது தப்பு என்று பேசியபோது, நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து மறுப்பு வெளியிட்டன. வழக்கமாக வாய் திறக்காதவை அவை. ஆனால் 2023-ல் பத்தாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. பாடநூலிலிருந்து பரிணாமம் நீக்கப்பட்டது. ‘மரபும் பரிணாமமும்’ என்ற பாடம் ‘மரபு’ மட்டுமாகச் சுருங்கியது. 1,800-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள். பாடம் திரும்பவில்லை.

இதில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. தொகை, தேதி, துறை என்று குறிப்பாகக் கேட்டவர்களுக்குக் கொஞ்சமாவது கிடைத்தது. மனப்பான்மையைக் கேட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை. எந்த அமைச்சர் நினைத்தாலும் அரசாணை போட்டுத் தரக்கூடிய பொருளா அது? 1976-ல் 42-வது திருத்தம் அதை அரசியல் சாசனத்தில் எழுதியபோதே குடிமக்களின் கடமை என்றுதான் எழுதியது. பாடத்திலிருந்து டார்வினை எடுத்தபோது ஆயிரத்து எண்ணூறு பேர் கொதித்தார்கள். பெற்றோர் கொதிக்கவில்லை. தன் பிள்ளை எதை இழந்தது என்று அவர்களுக்குச் சொல்ல யாரும் அவர்கள் தெருவுக்குப் போகவில்லை.

நீங்கள் போவதென்றால்...

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள், ஆகஸ்ட் 6, ஆகஸ்ட் 20 என்று வருடத்தில் வாய்ப்புகள் வருகின்றன. கலந்துகொள்ள விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை. ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவது 19-வது பிரிவு தந்த உரிமை. காவல்துறைக்கு முன்கூட்டியே எழுதிக்கொடுத்து அனுமதி வாங்குவது அமைப்பாளர் வேலை. அட்டையில் தமிழில் எழுதுங்கள். நின்று வேடிக்கை பார்க்கும் ஆட்டோக்காரருக்குப் புரியாத வாசகம் ஃபேஸ்புக்குக்கு மட்டும்தான் உதவும். ஒரு அட்டைக்கு ஒரே கோரிக்கை. கட்சிக் கொடி வேண்டாம்; கட்சிக்காரர் வரட்டும். யார் நம்பிக்கையையும் ஏளனம் செய்யும் வாசகத்தைத் தூக்காதீர்கள்; ஏளனப்பட்டவர் அடுத்த கிரகணத்துக்கு மைதானத்துக்கு வரமாட்டார். அரசு ஊழியரானால் விதிகளையும் தீர்ப்பையும் ஒருமுறை படித்துவிட்டு, விடுப்புப் போட்டுவிட்டுப் போங்கள்.

அமைப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோட்டையைப் பார்த்து ஒரு ஊர்வலம் என்றால், அதற்கு முன்னால் ஊரைப் பார்த்துப் பத்துப் பயணமாவது இருக்கட்டும். ஆராய்ச்சி நிதி 3 சதவீதம் வேண்டும் என்று பேராசிரியர் கேட்டால் நிதியமைச்சகம் அதை ஒரு துறையின் கோரிக்கையாகக் கோப்பில் கட்டி வைக்கும். நெல்லுக்கு வந்த நோய்க்கு எந்த ஆய்வகம் மருந்து கண்டது, குடிநீரைச் சோதித்த கருவி எங்கே செய்தது என்று தெரிந்த விவசாயியும் அதையே கேட்டால் அது தேர்தல் கணக்கில் ஏறும். அந்த விவசாயியைத் தேடிப் போகும் செலவு அதிகமில்லை: ஒரு ரப்பர் பந்து, ஒரு கண்ணாடித் துண்டு, கேள்வி கேட்டால் கோபப்படாத ஒரு விஞ்ஞானி. முதலிரண்டும் எந்தக் கடையிலும் கிடைக்கும். மூன்றாவதைத் தயார் செய்வதுதான் நம் பல்கலைக்கழகங்கள் இன்னும் பாடத்திட்டத்தில் சேர்க்காத வேலை.